பாரசீகம் அனுப்பாத கூடை

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் மாந்தோப்பு விவசாயிகள் சங்கத் தலைவர், நம் சபையின் செயலாளர், என் ஆருயிர் நண்பர் ஜெபசிங் அவர்களே! அறுப்பின் பண்டிகையை ஆசீர்வதித்துத் தொடங்கிவைத்த ஆயர் ஐயா அவர்களே! குடிபாலாவிலிருந்து டிராக்டரில் குலுங்கிக் குலுங்கி வந்து சேர்ந்த பெரியோர்களே! பூசணியும் புடலையும் புத்தரிசியும் இடுப்பில் சுமந்து வந்த தாய்மார்களே! தடாவிலும் ஸ்ரீசிட்டியிலும் ஷிப்டு முடித்து, தூங்காத கண்ணோடு வந்திருக்கும் தம்பிமார்களே! முன்வரிசையில், மடிப்புக் கலையாத சட்டையும் மடி நிறைய ஒப்பந்தத் தாளுமாக அமர்ந்திருக்கும் கம்பெனிப் பிரதிநிதி அவர்களே! எல்லாரையும் வணங்குகிறேன். வணங்கிவிட்டுத்தான் வழக்காடப் போகிறேன்.

தலைவர் எனக்குத் தந்த தலைப்பு, ‘பாரசீகத்தில் பரந்து கிடக்கும் வாய்ப்புகள்.’ நல்ல தலைப்பு. போன வருடமும் இதே தலைப்பு, இதே மேடை, இதே மைக். குடிபாலாப் பள்ளியில் முப்பது வருடம் தமிழ் சொல்லிக் கொடுத்த இந்த எலிசா முழங்கினேன். “பாரசீகம் போன ஏசுரத்தினத்தின் பேரப்பிள்ளைகளே! அன்று அவுரியை அனுப்பிய ஊர், இன்று மாங்கூழை அனுப்ப மலைக்கலாமா? மருளலாமா? மயங்கலாமா?” என்று கேட்டேன். நீங்கள் கைதட்டினீர்கள். எனக்கு ஒரு சால்வை போர்த்தினீர்கள். தட்டிய கையின் சூடு ஆறுவதற்குள் பக்கத்து அறைக்குப் போய் நாற்பது குடும்பங்கள் மாங்கூழ்க் கம்பெனியின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன.

என்ன நடந்தது? தோட்டத்துக் காயை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றது கம்பெனி. கொடுக்கவில்லை நாம். அறுவடையின் முதல் வாரம் லாரி வந்தது. இரண்டாம் வாரம் வரவில்லை. கடலில் பதற்றம், கப்பல் கிளம்பவில்லை என்றார்கள். மூன்றாம் வாரம் போனை எடுக்க ஆளில்லை. பழம் மரத்திலேயே பழுத்து, தரையிலேயே விழுந்து, விழுந்த இடத்திலேயே அழுகியது. அந்த வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

இன்று அதே கம்பெனி, புதுப் போர்டு மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

யாரது, பின்னாலிருந்து? என்ன சொல்கிறார்? “போன வருசம் நீதான சார் சொன்ன?” ஆமாம் ஐயா! நான்தான் சொன்னேன். அந்தப் பாவத்தை இறக்கி வைக்கத்தான் இன்று ஏறியிருக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவோம். முதல் ஏலம் எது? சின்னப் பிள்ளையும் சொல்லும், பாரசீகக் கூடை! “ஏசுரத்தினம், பாரசீகம்” என்று கூவித்தான் நூற்றிருபது வருடமாக நாம் ஏலத்தைத் தொடங்குகிறோம். அவர் காலத்துக்குப் பிறகு சபையே அந்தக் கூடையை வைக்கிறது. அவர் அங்கே கொழித்தார், கொழித்ததில் முதல் பங்கை ஆலயத்துக்கு அனுப்பினார் என்பது நம் கதை. என் வாயும் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே மேடை கண்ட வாய்.

போன மாதம் ஆலயத்துப் பழைய பீரோவைப் பழுதுபார்க்கத் திறந்தோம். ஏசுரத்தினத்தின் மனைவி கிருபாவதி அம்மாள் கொடுத்த வேதப்புத்தகம் கிடைத்தது. அதன் அட்டைக்குள் ஒரு கடிதம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கு, சீஸ்தான் என்று தலையில் எழுதியிருக்கிறது. சீஸ்தான் என்பது பாரசீகத்தின் கிழக்குக் கோடி. காற்றும் மணலும் குடியிருக்கிற சீமை.

அன்றைய வெள்ளைக்காரச் சர்க்கார் ஒரு வியாபார அறிக்கை அச்சிட்டது. சீஸ்தானில் பெண்கள் நீலத் துணி உடுத்துகிறார்கள், மதராஸ் பக்கத்து அவுரிச் சாயம் நன்றாக விற்கும், வழி பத்திரமானது, தங்குமிடம்தோறும் கிணறு உண்டு என்று அதில் இருந்தது. ஏசுரத்தினம் அதைப் படித்தார். அவுரி மூட்டையோடு ரயிலேறிக் குவெட்டா போனார். அங்கிருந்து ஒட்டகத்தில் ஒரு மாதத்துக்கும் மேலே பாலைவனம். போய்ச் சேர்ந்து என்ன கண்டார்? கடிதத்தையே படிக்கிறேன்.

“கிருபாவதிக்கு எழுதுவது. இங்கே பெண்கள் நீலம்தான் உடுத்துகிறார்கள். அறிக்கை பொய்யல்ல. ஆனால் அதை எழுதி மூன்று வருஷமாயிற்று. இப்போது ஜெர்மனிச் சாயம் தகர டப்பாவில் ருசியா வழியாக வருகிறது. நம் அவுரியைக் கேட்பாரில்லை. கிணறு உண்டு, உப்புத் தண்ணீர். இரண்டு ஒட்டகம் செத்தன. சபையார் முகத்தில் விழிக்க எனக்கு முகமில்லை. அவர்களுக்கு ஒன்றும் சொல்லாதே.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு கடிதம் இல்லை, ஆளும் இல்லை.

கேட்டீர்களா, அறிக்கை பொய்யல்லவாம்! பொய் என்றால் பிடித்துவிடலாமே! நேற்றைய மெய்யை இன்றைக்கு நம்பியவன் யாரிடம் போய் முறையிடுவான்? ருசியாக்காரன் அந்த வழியாக இந்தியாவுக்குள் இறங்கிவிடுவானோ என்று அன்றைய சர்க்காருக்கு அச்சம். மணலில் பாதை விழ வேண்டும். பாதை விழ ஆள் நடக்க வேண்டும். ஆள் நடக்க ஆசை காட்ட வேண்டும்! வாய்ப்பு வாய்ப்பு என்றார்களே, யாருக்கு வாய்ப்பு? பாதை அவர்களுக்கு வாய்த்தது. நம் ஆளுக்குப் பாலைவனம் வாய்த்தது.

அப்படியானால் அந்தக் கூடை எங்கிருந்து வந்தது?

தாய்மார்களே, கேளுங்கள், அதே பீரோவிலிருந்த சபைக் கணக்கு சொல்கிறது. கிருபாவதி அம்மாள் மிஷன் விடுதிக்கு நெல் குத்தினாள். குத்திய கூலியில் காய் வாங்கினாள், கனி வாங்கினாள். கூடையில் அடுக்கி, ‘ஏசுரத்தினம், பாரசீகம்’ என்று சீட்டு எழுதி, பலிபீடத்தின் முன்னால் வைத்தாள். புருஷன் மானத்தை உலக்கையால் காத்தாள் ஐயா! ஊர் அவளைக் கொண்டாடியது.

கொண்டாடியதோடு நின்றதா? மறு வருடம், வண்டிக்காரத் தெரு அண்ணன் தம்பி இருவர் அந்தக் கூடையைப் பார்த்தார்கள். பார்த்து, அவுரி மூட்டை கட்டினார்கள். போகும் முன் அவளிடம் வழி கேட்க வந்திருக்கிறார்கள். கடிதத்தின் ஓரத்தில் அவள் கையெழுத்தில் இரண்டே வார்த்தை இருக்கிறது. “கேட்டார்கள். சொல்லவில்லை.”

அந்த இருவரும் திரும்பவில்லை. அவளை நான் குறை சொல்லவில்லை. அவள் வாயைத் திறக்கவில்லை. நானோ திறந்தேன்! அவள் ஒரு கூடை வைத்தாள். நான் நாற்பது குடும்பத்துக்கு வழிகாட்டினேன்.

“சார், டைம் ஆவுது” என்கிறார் தலைவர். ஆகட்டும் தலைவரே. சால்வைக்குக் கொடுத்த நேரத்தை உண்மைக்கும் கொடுங்கள்.

இன்று காலை ஆலயத்துக்குள் நுழைந்தேன். பாரசீகக் கூடைக்குப் பக்கத்தில் இன்னொரு கூடை. சாத்துக்குடி, மாதுளை, வாழைச் சீப்பு, மேலே ஒரு தேங்காய். சீட்டில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? ‘ஜோஷுவா, குடிபாலா.’ ஜோஷுவாவை உங்களுக்குத் தெரியும். போன வருடம் முதல் கையெழுத்து அவனுடையது. மூன்று ஏக்கர் பழமும் அழுகிய பிறகு மரத்தையெல்லாம் வெட்டிப் போட்டுவிட்டான். தடா பக்கம் ஒரு தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டியாக நிற்கிறான். நாலு மாதமாக வீட்டுக்கு வரவில்லை.

அவன் மனைவி லீனா, என்னிடம் படித்த பெண். கேட்டேன்.

“ஏம்மா, இது ஏது?”

“மார்க்கெட்ல வாங்கினேன் சார். அலிபிரி லாட்ஜ்ல பெட்ஷீட் மாத்திக்கினு கெடக்குறேன், அந்தக் கூலி. எல்லாரும் கூடை வெக்கிறப்போ எங்க ஊட்டுக்காரர் பேர்ல ஒண்ணு இல்லன்னா இன்னா பேசுவாங்க? அவரு எப்டி சார் ஊருக்குள்ள வருவாரு?”

நான் கடிதத்தைக் காட்டினேன். நின்றபடியே படித்தாள். ஓரத்தில் இருந்த அந்த இரண்டு வார்த்தையை இரண்டு தரம் படித்தாள். பிறகு சொன்னாள், “நீங்களே சொல்லிடுங்க சார். என் பேர சொல்லியே சொல்லுங்க. நான் சொன்னா அழுதுடுவேன்.”

அதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். தலை குனியாமல் இருக்கிறாள்.

இப்போது சொல்லுங்கள்! இன்று காலை அந்தக் கூடையைப் பார்த்து உங்களில் எத்தனை பேர், “ஜோஷுவாவுக்குக் கம்பெனி ஏதோ செட்டில் பண்ணிட்டான் போலக்கீது” என்று பேசிக்கொண்டீர்கள்? மூன்று பேர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அந்த மூவர் கையிலும் இப்போது ஒப்பந்தத் தாள் இருக்கிறது. நூற்றிருபது வருடம் கழிந்து, அவுரி மாறி, மாம்பழமாகி, மறுபடியும் ஒரு பெண்ணின் மானம் நமக்கு வழிகாட்டிப் பலகை ஆகலாமா? ஆகலாமா?

“ரைத்துங்களுக்கு வேற கதி இன்னா சார்?” விவசாயிக்கு வேறு கதி என்ன என்று தாய்மார் பக்கமிருந்து ஒருவர் கேட்கிறார். நியாயமான கேள்வி அம்மா. எனக்குத் தெரியவில்லை. வேறு கதி இல்லை என்பதே உண்மை என்றால், அந்த உண்மையோடு கையெழுத்துப் போடுங்கள். ஏசுரத்தினத்தை நம்பிப் போடாதீர்கள். கூடையை நம்பிப் போடாதீர்கள். என்னை நம்பி மட்டும் போடவே போடாதீர்கள்!

நீங்கள் போடுவீர்கள். எனக்குத் தெரியும். என் பேச்சைக் கேட்டுக் கெட்டவர்கள் உண்டு, கேட்டுப் பிழைத்தவர்களை நான் கண்டதில்லை. ஆனாலும் ஒரு பிச்சை கேட்கிறேன். இன்றைக்குக் கைதட்டாதீர்கள்.

போன வருடத்துச் சால்வை இதோ, தலைவரின் மேசைமேல் வைக்கிறேன். பலிபீடத்தின் முன்னால், அந்த இரண்டு கூடைக்கும் பக்கத்தில், மூன்றாவதாக ஒரு கூடை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ‘எலிசா, குடிபாலா’ என்று சீட்டு இருக்கும். அதற்குள் ஒன்றும் இல்லை. துணியை விலக்கிப் பாருங்கள். பாரசீகம் நமக்கு அனுப்பியது அதுதான். இந்த வருடம் முதல் ஏலத்தை அந்தக் கூடையிலிருந்து தொடங்குங்கள்.

பொறுத்துக் கேட்ட பெரியோர்களுக்கும், அழுகையை அடக்கிய தாய்மார்களுக்கும், தன் பெயரை எனக்குத் தந்த லீனாவுக்கும் நன்றி. தடா வாசலில் நிற்கிற ஜோஷுவாவுக்கு யாராவது சொல்லுங்கள், ஊருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, இனி அவன் தாராளமாக வீட்டுக்கு வரலாம். உங்கள் எல்லாருக்கும் எலிசாவின் வணக்கம்.