மதிலில் கொழுந்துக் கூடை

கிளிநொச்சியில் காணி உறுதிப் பத்திரம் கேட்டு நிற்கும் வரிசை அசையவில்லை. யன்னலுக்கு உள்ளே இருந்தவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் நின்ற ரொட்டிக்கடைக்காரி பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொன்னார்:

"என்ர மதிலில தேயிலைக் கொழுந்துக் கூடையோட ஒரு பொம்பிளையைப் படமாக் கீறியிருக்கினம். அது நான்தானாம்."

"நீங்கள் எப்பக்கா கொழுந்து கிள்ளினீங்கள்?"

"என்ர அம்மாவே கிள்ளேல்லை. மலைநாட்டில இருந்து கைக்குழந்தையா வந்தவா. நான் இஞ்ச அக்கராயன் வயலில நாத்து நட்டனான்."

"பிறகேன் கீறினவை?"

"எங்கட தெரு இப்ப பாரம்பரியத் தெருவாம். கொழும்பு ஆக்கள் வந்து ரொட்டியும் சம்பலும் திண்டிட்டு மதிலோட படம் எடுப்பினம். அவையைக் கூட்டி வாற தம்பி, 'இந்தச் சனம் இல்லாட்டி இந்தத் தெருவே இல்லை' எண்டுவார்."

"அதை இந்த யன்னல்காரருக்குச் சொல்லுறதுதானே."

"போன கிழமை மதில் படத்தையே காட்டினனான். 'தேயிலைத் தோட்டமல்லோ தெரியுது, அப்ப நீங்கள் அங்கத்தை ஆள். இஞ்ச என்னெண்டு காணி தாறது?' எண்டார்."

"பையில என்னக்கா பாரமா?"

"வெள்ளைப் பெயின்ற். இண்டைக்கும் தராட்டி, போன கையோட மதிலில பூசிப்போடுவன்."