சேர்க்கை எண் 312

தூசி எனக்கு ஆகாது, ஐயா. தும்மிக்கொண்டேதான் முப்பது வருடம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தைக் காத்தேன். பொன்விழா மலரில் அதன் வரலாற்றை எழுதியதும் நான்தான். அதில் வேந்தரின் படங்கள் முப்பத்தொன்று. நூலகத்தின் படம் ஒன்று, அதிலும் வேந்தர் வாசலை மறைத்துக்கொண்டு நிற்கிறார்.

நீங்கள் கேட்பது ஆய்வகக் கூரையைப் பற்றி. கம்பி போட வேண்டிய இடத்தில் நம்பிக்கையைப் போட்டுக் கட்டிய கூரை. வகுப்புக்கு அரைமணி முன்னால் விழுந்தது. சீக்கிரம் வந்துவிடும் பழக்கமுள்ள ஒரு மாணவி மட்டும் உள்ளே இருந்தாள். சேர்க்கை எண் 312.

மாலையில் பதிவாளர் வந்தார். எதற்கும் ஆமாம் போடுவதால் அவருக்கு 'ரப்பர் ஸ்டாம்ப்' என்று பெயர்.

"வெளியாள் யாரோ உள்ள புகுந்துட்டதா பத்திரிகைக்குச் சொல்லியாச்சு. உங்க ரிஜிஸ்டர் என்னய்யா சொல்லுது?"

"திங்கக்கிழமை கேளுங்க சார், சரியா சொல்லும்."

ஒரு பெயரை அடித்தால் கண்ணில் படும். பக்கத்தைக் கிழித்தால் எண் உதைக்கும். ஆகவே அந்த ஆண்டின் சேர்க்கைப் பதிவேட்டை முழுதாகத் திரும்ப எழுதினேன். மூன்று பேனா, இரண்டு மை, நாலாம் பக்கத்தில் ஒரு தேநீர்க் கறை. பழையதை எரித்தேன். அவளுக்குப் பின்னால் இருந்த எண்பத்தாறு பேரும் ஓர் எண் முன்னேறினார்கள். இலவசமாகப் புது அடையாள அட்டை கொடுத்தோம். தேர்வு முடிவுக்குக் காத்திருந்ததால் எல்லோருக்கும் ஞாபகசக்தி குறைவாக இருந்தது.

அவளுடைய அம்மா தையல் வேலை செய்பவர். வருடா வருடம் வந்தார்.

"பணம் காசு எதுவும் வேணாம் சார். திருட்டுத்தனமா புகுந்தவள்னு எழுதி வச்சிருக்காங்க என் பொண்ணை. இங்க படிச்சவள்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க."

பதிவேட்டை விரித்து வைத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தார்.

"நல்லா யோசிச்சுப் பாருங்கம்மா, வேற காலேஜா இருந்திருக்கும்" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். ஆறாம் வருடம் அவரே கேட்டார்: "நான்தான் தப்பா நெனச்சுக்கிட்டு இருக்கேனா சார்?" நான் தண்ணீர் கொடுத்தேன்.

ஏழாம் வருடம், தையல் மெஷின் டிராயரில் கிடைத்ததென்று மகளின் அடையாள அட்டையைக் கொண்டுவந்தார். எண் 312, எங்கள் முத்திரையோடு. ஒப்பிட்டுப் பார்க்க அசல் வேண்டும் என்றேன். யோசிக்காமல் நீட்டினார். காப்பகத்தில் கொடுத்தது பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறவர். அவர் படியிறங்கி முடிப்பதற்குள் அட்டையை நறுக்கிக் குப்பையில் சேர்த்தேன்.

ரசீது கொடுக்காமல் அனுப்பவில்லை. 'பழைய அட்டை ஒன்று பெறப்பட்டது.' உங்கள் மேசையில் இருப்பது அதுதான், கையெழுத்து என்னுடையதே. எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அம்மாவுக்கு நான் வைத்த குறை ஒன்றே ஒன்று. ரசீதில் தேதி போட மறந்துவிட்டேன். அதுதான் இன்றுவரை மனதை உறுத்துகிறது.