சனிக்கிழமை முட்டைகள்

“அக்கா, உங்க ஊர்ல ஒருத்தருக்குமே ‘இல்ல’ன்னு சொல்ல வராதா?” என்று தியுர் ஒருமுறை வார்சினியிடம் கேட்டாள். தியுர் சுமத்ராக்காரி, மனதில் பட்டதை முகத்துக்கு நேரே போட்டு உடைக்கிற பத்தாக் இனப் பெண். தீனியில் மஞ்சள் கிழங்கு மாவு கலந்தால் கோழி கூடுதலாக முட்டையிடுமா என்பது அவளுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி. ஜாவாவில், ப்ளித்தாரில் வார்சினியின் கணவன் பர்ஜானுடைய பண்ணையில்தான் ஆறு மாதம் சோதித்தாள். கேள்விக்கு வார்சினி சிரித்துக்கொண்டே தேநீர் ஊற்றினாள். அந்த ஊரில் அதுவும் ஒரு பதில்தான்.

இப்போது யோக்யகர்த்தாவில் கோழி ஆராய்ச்சி மாநாடு. ஓட்டல் தாழ்வாரத்தில், தியுரின் ஆராய்ச்சி விளக்கப்படம் குத்தியிருந்த பலகையோரம் நின்று, வார்சினி வீட்டுக்குப் போன் போட்டாள். கணவனை அவள் ‘பாக்னே’ என்றுதான் கூப்பிடுவாள்.

“ஹலோ... ஹலோ, பாக்னே? ... நான்தாங்க, உங்க பொண்டாட்டி. ... காய்ச்சல் எப்படி இருக்கு? ... போயிடுச்சா! என் பஸ் கிளம்பினதுமே போயிடுச்சா? நல்ல காய்ச்சல். மாநாட்டுக்கு வர்றேன்னு தியுரோட பேராசிரியர்கிட்ட ஆமா போட்டது நீங்க, பஸ்ல இடுப்பு ஒடிஞ்சது நான்...

“சாப்டேன், சாப்டேன். ... கோழி மாநாட்டுல வேற என்ன போடுவாங்க? வறுத்த கோழிதான். ஒரு பெரியவர் மேடையில ‘கோழிக்கும் மனசு உண்டு, அதோட சோகத்த நாம புரிஞ்சுக்கணும்’னு தழுதழுத்தார். இறங்கி வந்து ரெண்டு தொடை. சம்பல்ல தொட்டுத் தொட்டுப் புரிஞ்சுக்கிட்டார்.

“சரி, விஷயத்தக் கேளுங்க. அடுத்தது தியுர் பேசணும். முடிஞ்சதும் என்னையும் மேடையேத்தி, தினம் எத்தனை கரண்டி மாவு கலந்தீங்கன்னு கேப்பாங்களாம். எத்தனை? ... ஹலோ? ... இருமாதீங்க. காய்ச்சல்தான் போயிடுச்சுல்ல? ... எத்தனை கரண்டி?

“... என்னது, முதல் நாள் மட்டுமா? ... வாடை பிடிக்காம மூஞ்சியத் திருப்பிக்கிச்சா? ... சரி, கோழி வேணாம்னு சொல்லிடுச்சு. அதுக்கு இருக்கிற தைரியம்... அந்தப் பொண்ணு வாராவாரம் ‘போடறீங்களா’ன்னு கேட்டுச்சே, நீங்க என்ன சொன்னீங்க? ... ஆமா, ஆமான்னு. ... மனசு நோகுமா! அவ்வளவு தூரம் மூட்டை தூக்கிட்டு வந்த பொண்ணா! அடடா, என்ன தங்கமான மனசு. மூட்டையெல்லாம் எங்க? ... விறகுக்குப் பின்னாடி. ... பிரிச்சது ஒண்ணு, பிரிக்காதது பத்து.

“இருங்க, இருங்க. அப்ப முட்டை எப்படிக் கூடிச்சு? சனிக்கிழமை சனிக்கிழமை நான் சந்தைக்குப் போனப்புறம் அவ தன் கையால எண்ணினாளே? ... யாரு, சமிரானா? ... பக்கத்துப் பண்ணை முட்டையக் கைமாத்தா வாங்கி... ... நம்ம தட்டுல அடுக்கி... ... அவ போனதும் திருப்பிக் குடுத்துட்டீங்களா! நாணயஸ்தர். ... ரெண்டு உடைஞ்சு போச்சா? ஐயோ பாவம்.

“சிரிக்காம என்ன செய்ய? இங்க படத்துல ஒரு கோடு எரிமலை ஏறுற மாதிரி ஏறுது. நூத்துக்கு எட்டு கூடுதலாம். ஜப்பான்காரர் ஒருத்தர் கண்ணாடியக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டுப் பாத்துட்டுப் போனார். அதெல்லாம் சமிரான் வீட்டுக் கோழிங்கன்னு அவருக்குச் சொல்லிவிடட்டுமா?

“... இல்லீங்க, விளையாட்டு இல்ல. தீனி விக்கிற ஆளுங்க முன் வரிசையில உக்காந்திருக்காங்க. இன்னிக்கு நான் ஆமா சொன்னா, நாளைக்கு ஊர்க்கோழி அத்தனையும் இந்த மாவ மோந்துட்டுப் பட்டினி கிடக்கும். இல்லன்னு சொன்னா அந்தப் பொண்ணோட மூணு வருஷப் படிப்பு... ... ஆமா. ... ஆமா, உங்க பேரும்தான்.

“நீங்களே சொல்லுங்க. உண்மையச் சொல்லிடட்டுமா? ... ஆமாவா. சரி. மறைச்சிடட்டுமா? ... அதுக்கும் ஆமாவா! பாக்னே, இதுல எந்த ஆமா ஆமா? ... ஹலோ? ... கோழிக்குத் தண்ணி வைக்கணுமா? இப்பவா? ... வைங்க, வைங்க. வேணாம்னா வேணாம்னு சொல்றது எப்படின்னு அதுங்ககிட்டயே கொஞ்சம் கேட்டுக்குங்க... ஹலோ? ... ஹலோ?”

அவன் வைத்துவிட்டான்.

வார்சினி திரும்பினாள். பலகையின் அந்தப் பக்கம் தியுர், கையில் வார்சினிக்காக எடுத்து வந்த தேநீரோடு. எவ்வளவு நேரமாக நின்றாளோ, கோப்பையில் ஆவி அடங்கிப்போயிருந்தது.

“அக்கா... அவர் மாவு போட்டார்தானே?”

வார்சினியின் வாய் பழக்கப்படி சிரிப்புக்குப் போயிற்று. ‘ஆமா’ நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. உள்ளே ஒலிபெருக்கி தியுரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.

“இல்ல,” என்றாள் வார்சினி.

தியுர் தேநீரை அவள் கையில் கொடுத்தாள். படத்தின் நான்கு மூலை ஊசிகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஒலிபெருக்கி மறுபடியும் கூப்பிட்டது. அவள் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அரங்கத்தின் பக்கம் திரும்பாமல் படியிறங்கிப் போனாள்.