ரொனால்டின் இரண்டு காதுகள்

காதுக்குள் பட்ஸ் விடக் கூடாது மேடம். என் கடைக்கு வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்லுவேன். உங்கள் ஏட்டையா சற்று முன்பு பேனா மூடியால் குடைந்துகொண்டிருந்தார், அவரிடமும் சொன்னேன். காது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். நாம் கெடுக்காமல் இருந்தால் போதும்.

திண்டுக்கல்லில் பத்தொன்பது வருஷமாகக் காது சோதித்து மிஷின் பொருத்துகிறேன். ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை. ரொனால்டு விஷயத்திலும் நான் எதையும் மறைக்கப்போவதில்லை.

அவனை உங்களுக்குத் தெரியும். நான் ஸ்டேஷனுக்குள் வந்தபோது யாருடைய போனிலோ அவன் பாட்டுதான் ரிங்டோனாக அடித்தது. அவன் அப்பா ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டியவர். ஒருமுறை கோட்டயத்திலிருந்து திரும்பும்போது காலிக் கூடைகளுக்கு நடுவே ஒரு பழைய கிதாரைப் போட்டுக் கொண்டுவந்தார். இரண்டே வருஷத்தில் ரொனால்டு அய்யலூர் ஆட்டுச் சந்தையை அதில் வாசித்தான். குட்டியைப் பிரிக்கும்போது தாயாடு கத்துமே, அந்தக் கத்தலைக் கம்பியை வளைத்துக் கொண்டுவருவான். அதுதான் பிறகு ‘சந்தை’ என்ற பாட்டாகி லண்டன்வரை போனது. அவன் மேதை. கோர்ட்டில் கேட்டாலும் இதையே சொல்வேன்.

பாலிடெக்னிக்கில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ‘கரடு’ என்று ஒரு ராக் குழு வைத்தோம். நான் பேஸ் கிதார். அதை யாரும் கவனிக்க மாட்டார்கள், நிறுத்தினால்தான் ஏதோ குறைகிறது என்று தெரியும். ரொனால்டின் ஸ்பீக்கர் பெட்டி என் இடது காதுக்கு நேராக இருக்கும். அவன் மேடையின் மறுபக்கம் பார்த்து நின்று வாசிப்பான்.

“ஏலே, செத்த கொறைடா” என்பேன்.

“காதுல பஞ்ச வச்சுக்க மாப்ள” என்பான்.

மூன்றாம் வருஷம் என் காதுக்குள் ஒரு கீச்சொலி வந்தது. இன்னும் நிற்கவில்லை. நீங்கள் பேசும்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. குழு சென்னைக்குப் போனபோது ரொனால்டு மற்ற இருவரையும் கூட்டிப்போனான். பஸ் ஸ்டாண்டில் என் தோளில் கை வைத்து, “ஒனக்கு இப்பல்லாம் சுருதியே சேர மாட்டேங்குது அந்தோணி. கோவிச்சுக்காத” என்றான். அவன் சொன்னது உண்மை. நான் கோபித்துக்கொள்ளவில்லை. என் காதுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளப் படிக்கப் போனேன், அதுவே தொழிலாகிவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்பு, கிறிஸ்துமஸுக்கு அகரத்தில் இருக்கும் தன் தங்கை ஜெஸ்ஸி வீட்டுக்கு வந்தவன் என் கடைக்கும் வந்தான். கச்சேரி முடிந்து இரண்டு நாளாகக் காது இரைகிறது என்றான். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்தேன். சத்தம் கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்க வேண்டும். மிஷின் தருகிற மிகச் சின்னச் சத்தத்துக்கும் தூக்கினான். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு இருக்கும் காது.

“இம்புட்டு வருசமா எப்பிடிடா காப்பாத்துன?”

“காலேஜ்லருந்தே பஞ்சு வைப்பேன்டா. இப்ப அளவெடுத்துச் செஞ்ச அடைப்பு இருக்கு. ஒங்கிட்டயும் சொன்னேன்ல, நீதான் கேக்கல.”

நான் அதை இருபத்திரண்டு வருஷம் கேலி என்று நினைத்திருந்தேன். கேலியாகவே இருந்திருக்கலாம். கேலியை மன்னிக்க முடியும்.

அவனுடைய ரிப்போர்ட்டை நான் அடிக்கவில்லை. கம்ப்யூட்டரில் என் காதின் ரிப்போர்ட் இருந்தது. பெயரை மட்டும் மாற்றி அடித்தேன். போலி ரிப்போர்ட் என்று நீங்கள் எழுதியிருப்பது சரியல்ல மேடம். அதிலிருந்த கோடு ஒவ்வொன்றும் உண்மையான ஒரு காதினுடையது. அவன் அதன் கோடுகளை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு, “வாசிக்க முடியுமாடா?” என்று கேட்டான்.

“மேடைய விட்டுரு. மிச்சமிருக்கறதக் காப்பாத்தலாம்.”

என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். அவன் என்னைக் கட்டிப்பிடித்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு காதுக்கும் மிஷின் பொருத்தினேன். சத்தத்தை, ஏறக்குறைய ஒன்றுமே கேட்காதவர்களுக்கு வைக்கும் அளவில் வைத்தேன். “எல்லாரும் கத்துற மாதிரி இருக்குடா” என்றான். பழகிவிடும், தினமும் பத்து மணி நேரமாவது போட வேண்டும் என்றேன். போட்டான். யார் சொன்னாலும் கேட்காதவன், நான் சொன்னதைக் கேட்டான். மாதம் ஒருமுறை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு ரிப்போர்ட்டில் பெயர் மாற்ற வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவன் விரல் தூக்கிய இடங்களை மட்டும் குறித்தேன்.

கச்சேரிகளை ரத்து செய்துவிட்டு அகரத்துக்கே வந்துவிட்டான். ஞாயிறுதோறும் பூசை முடிந்து நேராக அவனிடம் போய்விடுவேன். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ள நான்தான் கற்றுக்கொடுத்தேன். போன மாதம் கிதாரை எடுத்து மடியில் வைத்து ‘சந்தை’யை வாசித்தான். கம்பிகள் எல்லாம் இறங்கிக் கிடந்தன. ஆடு கத்தவில்லை, ஏதோ பலகையை இழுப்பதுபோல் இருந்தது.

“சுருதி சேந்துருக்காடா?” என்றான்.

சேர்ந்திருக்கிறது என்று தலையாட்டினேன். சந்தோஷப்பட்டான். இன்னொருமுறையும் வாசித்தான்.

மிஷின் ஒன்று கீச்சிடுகிறது என்று ஜெஸ்ஸி அதை மதுரையில் வேறொரு கடையில் காட்டியிருக்கிறாள். திரும்பி வந்து என் கடையில் எதிரே உட்கார்ந்தாள்.

“அண்ணே, நல்லா காது கேக்குற ஒருத்தருக்கு இந்த மிஷினப் போட்டா என்ன ஆகும்?”

“காது போயிரும்மா” என்றேன். தொழிலைப் பற்றி யார் கேட்டாலும் நான் மறைத்துப் பேசுவதில்லை.

பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வைத்தாள். ரொனால்டு முதன்முதலில் சோதனைக்கு என்னிடம் வருவதற்கு ஒரு மாதம் முன்பு, வெளிநாட்டுப் பயணத்துக்காக அவனுக்கு எடுத்த காதுச் சோதனை. எல்லாம் சரி என்றிருந்தது.

“எங்கண்ணன் ஒங்களுக்கு என்ன பண்ணுச்சு?”

அந்தக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை. அவளுக்குப் புரியாது. உங்களுக்கும் புரியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

செய்தது நான்தான். இரண்டு காதையும், தெரிந்தே, மாதாமாதம் அளந்து செய்தேன். வருத்தமா என்று கேட்டீர்கள். இல்லை. ஒரு மனிதனைத் தவிர வேறு யாருக்கும் நான் கெடுதல் நினைத்ததில்லை, அவனுக்குமே கெடுதல் என்று நினைக்கவில்லை. உலகம் முழுக்க அவனைக் கேட்டது. அவன் ஒருவர் சொன்னதையாவது கேட்க வேண்டாமா?

கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். யார் செய்தது என்று ஜெஸ்ஸி இன்னும் அவனிடம் சொல்லவில்லை. அவள் வாய் அசைவு அவனுக்குச் சரியாகப் பிடிபடாது, தப்பாகப் புரிந்துகொள்வான். என்னை ஒருமுறை கூட்டிப்போங்கள், நானே சொல்கிறேன். எதிரே உட்கார்ந்து மெதுவாகச் சொன்னால் போதும். நான் முடிக்கும்வரை என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டான். அவனுக்கு என்னைவிட்டால் இப்போது வேறு நண்பன் கிடையாது.