நடுவுல முப்பிடாதி

— ரெண்டு செவ்வாய்க்கிழமையா உங்க பொண்ணு முப்பிடாதியைப் பொம்மை வெச்சு விளையாட விட்டுப் பார்த்தேன். அப்பா பொம்மையும் அம்மா பொம்மையும் முதுகைக் காட்டிண்டு உக்காந்திருக்கு. வீட்டுல என்ன நடக்கறது, கோமதியம்மாள்? பக்கத்துலதானே உங்க ஆத்துக்காரர், ரெண்டு பேருமா பேசிச் சொல்லுங்கோ.

— நான் அவுககூடப் பேசுததில்ல டாக்டரம்மா. ரெண்டு வருசமாச்சு. நீங்களே அவுகளக் கேட்டுக்கிடுங்க.

— நம்பிராஜன், நீங்களாவது சொல்லுங்கோ. குழந்தை எப்பலேந்து பேசலை?

— மூணு வாரமாச்சு மேடம். ஸ்கூல்லயும் பேச்சில்ல, வீட்லயும் பேச்சில்ல. பக்கத்து வீட்டு சுலைகா ஜிலேபி குடுத்தா வாங்கித் திங்கா. வாயத் தொறந்து ஒரு வார்த்தை? ம்ஹூம்.

— உங்களுக்குள்ள என்ன சண்டை?

— தாராவியில பத்துக்குப் பத்து ஒத்த ரூமு டாக்டரம்மா. எந் தம்பி வந்து எட்டு மாசம் தங்கினதுக்கு, தண்டச்சோறுன்னுட்டாக.

— எட்டு இல்ல, பதினோரு மாசம்னு அவகிட்ட சொல்லுங்க மேடம்.

— எனக்குக் காது கேக்குன்னு அவுககிட்ட சொல்லுங்க டாக்டரம்மா.

— ராமா! வீட்டுல இந்தத் தூது உத்தியோகத்தை யார் பார்த்தா?

— வேற யாரு, எம்மவதான். எட்டு வயசுல அப்படிக் கெட்டிக்காரி மேடம்! சோறு, டப்பா, மண்ணெண்ணெ, எல்லாச் சேதியும் அவ வழியாத்தான்.

— நான் இங்க தபால் ஆபீஸ் வெச்சுக்கலை. ரெண்டு பேரும் நேரா பேசுங்கோ. ம், ஆரம்பிங்கோ நம்பிராஜன்.

— ஏட்டி கோமதி... போன பொங்கலுக்கு, புதுச் சட்டையில நான் ராசா மாதிரி இருக்கேன்னு சொல்லிவிட்டல்லா? அப்புறம் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டே?

— நான் எப்பச் சொன்னேன்? கறையாக்காமக் கழட்டச் சொல்லு, தொவைக்க என்னால ஆவாதுன்னுல்லா சொல்லிவிட்டேன்! நீங்கதான், எம் மீன்கொழம்பத் தின்னுட்டு, இந்தக் கைக்குத் தங்க வளையல் போடணும்னு சொல்லிவிட்டிய.

— வளையலா? உப்புக் கூடிப்போச்சுன்னேம்ட்டி!

— அய்யோ, அதுக்கு நான் ஒரு வாரம் சிரிச்சிக்கிட்டே திரிஞ்சேனே!

— நானும் அந்தச் சட்டையத்தான் மாத்தி மாத்திப் போட்டுட்டு வொர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

— கொஞ்சம் இருங்கோ. மூணு வாரம் முன்னாடி, கடைசியா குழந்தைகிட்ட என்ன சொல்லி அனுப்பினேள் நம்பிராஜன்?

— அது... வேலையில மொதலாளி சேட் கத்துனாரு மேடம். அந்தக் கோவத்துல வந்து, உங்கம்மாவ ஊருக்குப் போயிரச் சொல்லு, திரும்பி வரவே வேண்டாம்னு சொல்லுன்னேன்.

— அப்படி ஒரு சேதி எனக்கு வரவே இல்லையே!

— முப்பிடாதி, பொம்மையை வெச்சுட்டு இங்க வாம்மா. அப்பா சொன்னதை ஏன் நீ அம்மாகிட்ட சொல்லலை?

— மத்ததெல்லாம் மாத்திச் சொல்லிட்டேன் டாக்டர். இத எப்படி மாத்தன்னு தெரியல.