கழுத்தருகே ஒரு கையளவு

கம்பளி நனைந்தால் ஆட்டு வாடை அடிக்கும். இந்த அறையிலும் அடிக்கிறது, மன்னியுங்கள் சார்ஜென்ட். என் ஸ்வெட்டர் இன்னும் காயவில்லை.

பேராசிரியர் டெர்வலா ஹென்ரட்டியிடம் ஆறு ஆண்டு ஆய்வு மாணவியாக இருந்தேன். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அயர்லாந்துக் கன்னியாஸ்திரிகள் என்ன உடுத்தினார்கள் என்பது என் ஆய்வு. அவர்கள் உடை ஒன்றும் முழுதாக மிஞ்சவில்லை. புனிதர் கதைகள், மடத்து விதிகள், சதுப்பில் கிடைத்த கந்தல் ஆகியவற்றிலிருந்து பொறுக்க வேண்டும். ஊசியால் கிணறு தோண்டுகிற வேலை.

உள்ளே லினன் அங்கி, மேலே சாயமேற்றாத கம்பளிப் போர்வை, தலையில் முக்காடு. போர்வையை எதனால் மூடினார்கள் என்பதுதான் தகராறு. மற்ற மடங்களில் உலோக ஊசி குத்தினார்கள். ஒரு மடத்தில் அதைக்கூட ஆடம்பரம் என்று ஒதுக்கி, விரத நாட்களில் கைகள் உள்ளே இருக்க, தொண்டையிலிருந்து முழங்கால் வரை போர்வையை உடம்பைச் சுற்றித் தைத்தே மூடிவிட்டார்கள். ஒரு லத்தீன் ஏட்டின் ஓரக்குறிப்பிலிருந்து இதைக் கண்டுபிடித்தது நான். என் மூன்றாம் அத்தியாயம்.

டெர்வலா அதைத் துறைக் கூட்டத்தில் மேசைமேல் போட்டார். "ஊனா, நீ நல்லா தைக்கிற. அதோட நிறுத்திக்க. யோசிக்கிறதெல்லாம் உங்க கார்வி குடும்பத்துக்கு எப்பம்மா வந்துச்சு?" மூன்று பேர் சிரித்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

படிப்பை விட்டேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இரவு ஷிப்ட். இரண்டு வருடம் கழித்து அந்த அத்தியாயம் ஓர் ஆய்விதழில் வந்தது, அவர் பெயரில். என் காற்புள்ளிகள்கூட இடம் மாறவில்லை.

நாலாம் அத்தியாயத்தை அவர் பார்த்ததே இல்லை. அதே ஏட்டின் அடுத்த பக்கத்தில் இருக்கிறது செய்தி. அப்படித் தைக்கப்பட்ட ஒரு கன்னியாஸ்திரி ஓடையில் விழுந்து செத்தாள். அதற்குப் பிறகு மடத்துத் தலைவி, கழுத்தருகே ஒரு கையளவு தைக்காமல் விடவேண்டும், ஒரு கையாவது வெளியே வரவேண்டும் என்று உத்தரவிட்டாள்.

போன மாதம் டெர்வலா போன் செய்தார். தொலைக்காட்சிப் படமாம். அந்த உடையில் அவர் தோணியேறி, ஏரித்தீவிலுள்ள மடத்து இடிபாட்டுக்குப் போகவேண்டும். தைக்க ஆள் வேண்டும், துடுப்புப் போடவும் வேண்டும். பழசை மனசில் வைத்துக்கொள்ளாதே என்றார். வைத்துக்கொள்ளவில்லை என்றேன்.

படப்பிடிப்பாளர்கள் தீவுக்கரையில் காத்திருந்தார்கள். மிதவைச் சட்டை போர்வைக்குள் புடைத்துத் தெரியும் என்று அவர் மறுத்துவிட்டார். நான் படத்தில் வரமாட்டேன் என்பதால் போட்டுக்கொண்டேன். படகுத்துறையில் நிற்கவைத்துத் தைத்தேன். லினன் நூல். நனைந்தால் அது இன்னும் உறுதியாகும்.

கழுத்தருகே வந்ததும் கேட்டேன். "இங்க ஒரு கையளவு விட்டுடட்டுமா?"

"எதுக்கு? நான் எழுதினத நீ படிக்கலையா?"

"வரிக்கு வரி படிச்சேன்."

"அப்பறம் என்ன? அதுல இருக்கிற மாதிரியே தை."

தைத்தேன். நான் கேட்டேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

தார் பூசிய துணித் தோணி அது. நின்றால் கவிழ்ந்துவிடும்; அதில் யாரும் எழுந்து நிற்பதில்லை. மேயோ மாவட்டத்தில் நாலு வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். நான் மேயோக்காரி. ஏரி நடுவில் எழுந்து நின்றேன்.

நான் அவரைப் பிடித்துத் தூக்கப் பார்த்ததாகப் படப்பிடிப்பாளர்கள் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். நல்ல மனிதர்கள். நான் தையல் தாங்குகிறதா என்று தொட்டுப் பார்த்தேன். ஒரு முடிச்சும் விடவில்லை. அவர் கைகள் உள்ளே அசைந்தது விரலில் தெரிந்தது.

கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பழிவாங்கினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். பழிவாங்குகிறவள் உடனே விட்டிருப்பாள். நான் அவர் முகவாயைத் தண்ணீருக்கு மேலே தாங்கிக்கொண்டு, நாலாம் அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து நிதானமாகச் சொன்னேன். ஓடை வரைக்கும்தான் கேட்டார்.