பி-14இல் எண்ணெய்க் கறை

சகலருக்கும் இதனால் அறிவிப்பது: வைட்ஃபீல்டில் முந்நூறு வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககத்தின் குடியிருப்போர் சங்கம், அவசரக் கூட்டம் கூட்டி, கை தூக்கி, பெரும்பான்மை பலத்தோடு, பேய் உண்டு என்று தீர்மானம் நிறைவேற்றியது. எதிர்த்தவன் ஒரே ஒருவன். அவனுக்கு ஓட்டுக் கிடையாது. அவன் மெக்கானிக்.

சிரிக்காதீங்க. கரன்ட் வர்ற வரைக்கும் கிட்ட வந்து உட்காருங்க. என் மச்சினன் வண்டியைப் பார்க்கிற ஓஸ்வால்டுக்கு நடந்தது இது.

ராத்திரி மணி இரண்டு இருபது. தரைக்கடியில் பார்க்கிங்குக்கு இறங்குகிற சரிவுப் பாதை. மேலே ரோட்டில் ஏதோ ஆபீஸ் வண்டி போன சத்தம்... அப்புறம் அதுவும் இல்லை. ஓஸ்வால்ட் தனியாக இறங்கினான். கையில் டார்ச். கக்கத்தில் ஒரு டப்பா முகப்பவுடர்.

பி-14இல் நின்றது அந்த வெள்ளைக் கார். ஆண்ட்ரூ என்ற பெரியவருடையது. இடது கையில் மோதிர விரல் பாதிதான் அவருக்கு. மீதியை இதே காரின் ஃபேன் பெல்ட் வாங்கிக்கொண்டது. அவர் இறந்ததும் மகள் ஓஸ்வால்டைக் கூப்பிட்டு, ஆயிலும் ஃபில்டரும் மாற்றச் சொல்லி, அதே அடுக்ககத்து நிருபமாவுக்கு வண்டியை விற்றாள். அந்த வாரத்திலிருந்து தினமும் காலையில் காருக்கு அடியில், உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு எண்ணெய்.

ஆண்ட்ரூ எந்த வாரம் போனார் என்று சங்கம் விரல் விட்டு எண்ணியது. ஃபில்டர் எந்த வாரம் மாறியது என்று ஒருவரும் எண்ணவில்லை. ஓஸ்வால்டும்தான்.

வாட்ச்மேன் தன் பங்குக்கு, ராத்திரியில் நீலகிரித் தைல வாசனை வருகிறது என்றார். மூட்டு வலிக்கு ஆண்ட்ரூ தேய்த்துக்கொள்கிற தைலம். போதாதா?

சங்கத் தலைவர் முனிராஜ், கன்னடம் கலந்து பேசும் ஓய்வு பெற்ற அதிகாரி. தும்மினாலும் தேதி போட்டுத் தும்முகிறவர். முந்தின சாயங்காலக் கூட்டத்தில் சொன்னார்:

"ஓஸ்வால்ட் அவரே, சும்னே எதுக்குப் பிடிவாதம்? மூணு தடவை பார்த்தாச்சு, நிக்கலை. உங்க மேல தப்பில்லைன்னு தீர்மானத்துலயே எழுதிடறோம். பேய்தான்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. காலையில ஆறு மணிக்குப் புரோகிதர் வர்றார். பூஜை முடிச்சு, வண்டியைக் காயலாங்கடைக்கு அனுப்பிடலாம்."

யோசித்துப் பாருங்கள். எந்த மெக்கானிக்குக்குக் கிடைக்கும் இந்த வரம்? செய்த வேலை ஒழுகுகிறது, பழியைப் பேய் ஏற்றுக்கொள்கிறது, பேயும் ஆட்சேபிக்கவில்லை.

"இருபத்தெட்டு வருஷம் சார்," என்றான் ஓஸ்வால்ட். "என் கை பட்ட இன்ஜின் ஒழுகுதுன்னா நான்தான் நிறுத்தணும். என் வேலையைப் பேய்க்கு விட்டுக்குடுக்க மாட்டேன். ஆறு மணிக்கும் சொட்டுச்சுன்னா, நானே வண்டியைக் காயலாங்கடைக்குத் தள்ளிட்டுப் போறேன். என் ஸ்பேனரையும் அங்கயே போட்டுடறேன்."

நிருபமாவுக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணா, தனியாவா உட்காரப் போறீங்க?"

"லீக்குதாம்மா. புலி இல்ல."

இரண்டு இருபதுக்கு இறங்கியவன், முதலில் இன்ஜினை டீசல் ஊற்றிக் கழுவித் துடைத்தான். பவுடரைத் தூவினான். ஈரம் எங்கிருந்து கிளம்புகிறது என்று பவுடர் காட்டிக்கொடுத்துவிடும். எண்ணெய் மேலிருந்துதானே கீழே வரும்? ஆக, கோளாறு இன்ஜினின் மேல் மூடியில்தான். இரண்டு முறை அதன் பேக்கிங்கை மாற்றியும் விட்டான். அதனால் மேலே மட்டும் தூவினான். கீழே ஃபில்டர் பக்கம் தூவவில்லை. அது அவனே மாட்டியது. அங்கே என்ன சந்தேகம்?

காருக்கு அடியில் அட்டையை விரித்து, பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தினான். டார்ச்சைக் கார் பேட்டரி மேல் வைத்து மூடியைப் பார்த்தான். பவுடர் வெள்ளை வெளேரென்று... காய்ந்து கிடந்தது.

சொட்.

அட்டையில் விழுந்தது.

சொட்...

டார்ச் தானாகத் திரும்பியது. வெளிச்சம் இடுக்கு வழியே கீழே, ஃபில்டர் மேல் விழுந்தது. எடுத்து நேராக வைத்தான். மறுபடி திரும்பியது. இப்போது பேட்டரியைத் தொடாமல்... ஒரு சாண் உயரத்தில் நின்றது.

தைல வாசனை. காதோரம் மூச்சு. மூக்கடைத்தவர் விடுகிற மாதிரி, மெல்லிய விசிலோடு.

ஓஸ்வால்ட் திரும்பவில்லை. பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது. பன்னிரண்டு வருஷம் இதே கதை. வண்டியைத் திறந்தால் போதும், ஆண்ட்ரூ பக்கத்தில் நின்று டார்ச் பிடித்து, அங்கே பார், இங்கே பார் என்பார்.

"ஆண்ட்ரூ சார்! செத்தும் விட மாட்டீங்களா? அது நான் மாட்டின ஃபில்டரு!"

வெளிச்சம் நகரவில்லை.

"சரி, கழட்டிக் காட்டறேன். ஒண்ணும் இல்லைன்னா ஒழுங்கா கல்லறைக்குத் திரும்பிடணும். டார்ச்சை ஆட்டாமப் பிடிங்க."

ஆடாமல் நின்றது.

ஃபில்டரைச் சுழற்றி எடுத்தான். அதன் ரப்பர் வளையம் அதிலேயே இருந்தது. ஃபில்டர் உட்காருகிற இன்ஜின் முகத்தைப் பார்த்தான். அங்கே இன்னொரு வளையம். பழைய ஃபில்டருடையது. நசுங்கி, ஒட்டிக்கொண்டு. அதைப் பிடுங்காமல் அதன்மேலேயே புதியதை மாட்டியிருக்கிறான். வளையம் இரண்டானால் இறுக்கம் பிடிக்காது, ஒழுகும். தொழிலுக்கு வந்த முதல் மாதத்தில் செய்கிற தப்பு.

பழைய வளையத்தை உரித்து, முகத்தைத் துடைத்து, ஃபில்டரைத் திரும்ப மாட்டினான். கொட்டிய அளவுக்கு ஆயில் ஊற்றினான்.

"ம்," என்றான். டார்ச்சைப் பார்த்துத் தலையாட்டினான்.

டக். டார்ச் பேட்டரி மேல் விழுந்தது.

ஆறு மணிக்குள் எட்டு முறை இன்ஜினை ஓட்டி நிறுத்தினான். புது அட்டையில் ஒரு பொட்டு இல்லை. முனிராஜ் வந்தார், பின்னால் புரோகிதர், தேங்காய். அட்டையைப் பார்த்ததும் தலைவரின் முகம் தொங்கிவிட்டது.

"அப்போ... பேய் இல்லையா?"

ஓஸ்வால்ட் நசுங்கிய வளையத்தை அவர் கண் முன்னால் தூக்கிக் காட்டினான். "பேய் இருக்குது சார். ஆனா ஒழுகவிட்டது நான்."

இதைத் தீர்மானப் புத்தகத்தில் எப்படி எழுதுவது என்று அங்கேயே நின்று விவாதித்தார்கள். புரோகிதர் தேங்காயைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். நிருபமா மட்டும் பானெட்டுக்குள் குனிந்து பார்த்தாள். மேல் மூடியின் பவுடரில், யாரோ ஊன்றி எட்டிப் பார்த்த மாதிரி, ஓர் இடது கைத் தடம். மோதிர விரல் பாதி. மெல்ல நிமிர்ந்து ஓஸ்வால்டின் கைகளைப் பார்த்தாள். பத்து விரலும் முழுசாக இருந்தன.

ஃபில்டருக்கு ஒரு வளையம் போதும்.